லட்டுவுக்கு வயது மூன்றா, எட்டா?

சிங்கப்பூர் செங்காங்கில் நான்கறை வீட்டில் குடியிருக்கும் வாசகி ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன். வீட்டில் 45 வயதுக் கணவர், தொடக்கநிலை மூன்றில் படிக்கும் மகன், மாமியார். நாய் இனப்பெருக்கப் பண்ணை ஒன்று ‘ஓய்வு’ கொடுத்து அனுப்பிய பெண் ஷிட்சு ஒன்றை, தெரிந்தவர் மூலமாக 300 வெள்ளி கொடுத்துப் போன மாதம் வாங்கி வந்திருக்கிறார்கள். மகன் அதற்கு லட்டு என்று பெயரும் வைத்தாகிவிட்டது. கொடுத்தவர் “மூணு வயசுதான்” என்றாராம். தடுப்பூசி போடப் போன இடத்தில் மருத்துவர் பல்லையும் கண்ணையும் பார்த்து, முதுகை ஒரு எக்ஸ்ரேயும் எடுத்துவிட்டு, ஏழு அல்லது எட்டு இருக்கும் என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் ஆளுக்கொரு கணக்கு. கணவர் எட்டை ஏழால் பெருக்கி, “56 வயசு, என்னைவிட மூத்தது” என்கிறார். வாசகி ஷிட்சுவின் சராசரி ஆயுள் 11 என்று எங்கோ படித்து, அதில் எட்டைக் கழித்து, மிச்சம் மூன்று வருடம் என்று முடிவு கட்டிவிட்டார். அந்த மூன்றாவது வருடம் மகனுக்குத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ. கொழுந்தனார், “ஷிட்சு ஆயிரம் வருஷத்து அரண்மனை இனம், சும்மா தாங்கும்” என்கிறார். ராஜபாளையம் பக்கத்தில் பிறந்து வளர்ந்த மாமியாரோ, “எங்க ஊர் நாய் மாதிரி வருமா? இதை எங்கயாவது விட்டுட்டு ஒரு கலப்பு நாயா எடுங்க, அதுதான் ரொம்ப நாள் இருக்கும்” என்கிறாராம். மகன் மட்டும் 31 வயது வரை வாழ்ந்த நாய் ஒன்றைப் பற்றிப் படித்துவிட்டு நிம்மதியாக இருக்கிறான். நாயைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா, பொய் சொன்னவர் மேல் புகார் செய்யலாமா, உண்மையில் இது எத்தனை வருடம் இருக்கும் என்று வாசகி கேட்கிறார்.

உங்கள் வீட்டில் யாருடைய கணக்கும் முழுக்கத் தப்பில்லை. ஆனால் ஒருவர் இனத்தின் வயதைச் சொல்கிறார், ஒருவர் லட்டுவின் வயதைச் சொல்கிறார், இன்னொருவர் அதை மனித வயதாக மாற்றுகிறார், நீங்கள் மிச்சமிருக்கும் ஆயுளைத் தேடுகிறீர்கள். நான்கும் ஒன்றோடொன்று கலந்துவிட்டதால்தான் வீட்டில் இத்தனை குழப்பம்.

மருத்துவர் சொன்ன வயது எவ்வளவு நிச்சயம்?

நாய்க்குட்டியாக இருந்தால் பல்லைப் பார்த்து வயதைக் கிட்டத்தட்டச் சரியாகச் சொல்லிவிடலாம். மூன்றிலிருந்து ஏழு மாதத்துக்குள் பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் வந்துவிடும், எந்தப் பல் எப்போது வரும் என்பதற்கும் ஒழுங்கு உண்டு. அதற்கப்புறம் எல்லாம் ஊகம்தான். ஷிட்சு போன்ற தட்டை முகச் சிறிய இனங்களுக்குத் தாடை சின்னது. அதில் 42 பற்களும் நெருக்கியடித்து நிற்பதால் காரை சீக்கிரம் படியும். பல்லைக் கவனிக்க ஆளில்லாத இடத்தில் வளர்ந்த நான்கு வயது நாயின் வாயைப் பார்த்தால் பத்து வயது போலத் தெரியும். ஆகவே பல்லை மட்டும் பார்த்து எட்டு என்று சொல்லியிருந்தால் நானும் தயங்கியிருப்பேன்.

உங்கள் மருத்துவர் அதோடு நிற்கவில்லை. கண்ணின் நடுவில் லேசான நீலச் சாம்பல் மங்கல் இருக்கிறது என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். லென்ஸின் மையம் இறுகுவதால் வருவது அது. பெரும்பாலும் ஆறு, ஏழு வயதுக்கு மேல்தான் கண்ணில் படும். (கண்புரை வேறு. இந்த மங்கலால் பார்வை பெரிதாகக் கெடாது, பயப்படாதீர்கள்.) முதுகெலும்பின் ஓரங்களில் எலும்பு முளைப்பும் எக்ஸ்ரேயில் தெரிந்திருக்கிறது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் மூன்று வயது என்பது நம்பும்படி இல்லை. ஆறிலிருந்து ஒன்பதுக்குள் ஏதோ ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். முகத்தில் நரை இல்லையே என்று கேட்டிருந்தீர்கள். ஷிட்சுவின் முடி நிறம் சின்ன வயதிலேயே வெளுத்து மாறக்கூடியது, அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

இன்னொரு தடயமும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. இங்கே உரிமம் பெற்ற பண்ணைகள் ஆறு வயதைத் தாண்டிய நாயை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது தேசியப் பூங்காக் கழகத்தில் விலங்குகளைக் கவனிக்கும் ஏவிஎஸ் பிரிவு வைத்திருக்கும் நிபந்தனை. அதனால் ‘ஓய்வு’ பெற்று வரும் நாய்களில் பல ஆறு வயதை ஒட்டியே இருக்கும். நன்றாகக் குட்டி போடும் மூன்று வயது நாயைப் பண்ணைக்காரர் ஏன் 300 வெள்ளிக்கு விடப் போகிறார்? அப்படி விட்டிருந்தால் உடம்பில் ஏதாவது கோளாறு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

தோலுக்கடியில் இருக்கும் மைக்ரோசிப்பைப் படித்தால் பிறந்த தேதி தெரியும் என்று நினைத்திருக்கிறீர்கள். சிப்பில் இருப்பது ஓர் எண் மட்டும்தான். பிறந்த தேதி, பழைய உரிமையாளர் போன்ற விவரங்கள் எல்லாம் ஏவிஎஸ் உரிமப் பதிவில் இருக்கும். நாயின் உரிமத்தை உங்கள் பெயருக்கு மாற்றினீர்களா என்று கடிதத்தில் இல்லை. மாற்றவில்லை என்றால் இந்த வாரமே செய்யுங்கள். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட நாய்க்கு உரிமம் இல்லாவிட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். பழைய உரிமையாளர் தம் பக்கத்திலிருந்து மாற்றத்துக்கு ஒத்துழைக்க வேண்டியிருக்கும். அந்தச் சாக்கில் பதிவில் என்ன தேதி இருக்கிறது என்று கேட்டு வாங்கிவிடலாம்.

பதிவில் இருப்பதும் யாரோ ஒருவர் சொன்ன தேதிதான் என்பதை மறந்துவிடாதீர்கள். உங்கள் மகன் படித்த 31 வயது நாயின் கதையே அதற்குச் சாட்சி. அது போர்ச்சுகலின் போபி. உலகிலேயே மிக அதிக வயது வாழ்ந்த நாய் என்று கின்னஸ் அறிவித்தது, 2023 அக்டோபரில் இறந்தது. 2024 பிப்ரவரியில் கின்னஸ் பட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. சிப் பதிவை நம்பித்தான் பட்டம் கொடுத்தார்கள், ஆனால் 2008க்கு முன் பிறந்த நாய்களுக்கு அந்தப் பதிவில் வயதுக்கு ஆதாரம் கேட்கும் வழக்கமே இல்லையாம். மகனிடம் இதைச் சொல்லும்போது கூடவே ஆஸ்திரேலியாவின் புளூயி என்ற, மாடு மேய்க்கும் இனத்து நாயைப் பற்றியும் சொல்லுங்கள். 1910இல் பிறந்து 1939இல் இறந்தது, 29 வருடம் 5 மாதம் என்பது அதன் பெயரில் உள்ள சாதனை.

ஏழால் பெருக்கும் கணக்கு

உங்கள் கணவரை விட்டுப்பிடிப்போம், உலகம் முழுவதும் இதைத்தான் செய்கிறார்கள். ஒரு வயது நாய் குட்டி போட்டுத் தாயாகிவிடக்கூடியது. ஏழு வயதுப் பிள்ளையோடு அதை எப்படிச் சமன் செய்வது? முதல் வருடத்தில் நாய் மளமளவென்று வளர்ந்துவிடுகிறது, அப்புறம் வேகம் குறைந்துவிடுகிறது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் 104 லேப்ரடார்களின் மரபணுவில் வயதோடு சேரும் வேதி மாற்றங்களை அளந்து 2020இல் ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள். அதன்படி ஒரு வயது லேப்ரடார் 31 வயது மனிதருக்குச் சமம், ஏழு வயதில் 62, பன்னிரண்டு வயதில் 71. ஆரம்பத்தில் ஏறுவதையும் அப்புறம் தணிவதையும் கவனியுங்கள். ஆனால் அது லேப்ரடாரை வைத்துப் போட்ட கணக்கு, லட்டுவுக்கு அப்படியே பொருந்தாது.

கால்நடை மருத்துவமனைகளில் நாங்கள் தோராயமாகச் சொல்வது இதுதான்: முதல் வருடத்துக்கு 15, இரண்டாவது வருடத்துக்கு 9, அதற்கப்புறம் சிறிய இனங்களுக்கு ஆண்டுக்கு நான்கு. அப்படிப் பார்த்தால் ஏழு வயது லட்டுவுக்கு 44, எட்டு வயது என்றால் 48. உங்கள் கணவரும் லட்டுவும் ஏறக்குறைய ஒரே செட்டு. இதை அவரிடம் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள், என் பெயரை இழுக்க வேண்டாம்.

பெரிய இனங்களுக்குக் கணக்கு வேறு, அவை வேகமாக மூப்படையும். விலங்குலகில் பொதுவாக யானை எலியைவிட அதிகம் வாழும், நாய்களுக்குள் மட்டும் அது தலைகீழ். இனங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, உடல் எடையில் சுமார் இரண்டு கிலோ கூடினால் ஆயுளில் ஒரு மாதம் குறைவதாகக் கணக்கிட்டது. குட்டிப் பருவத்தில் அசுர வேகத்தில் வளர்வதற்கு உடம்பு கொடுக்கும் விலை அது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

பதினொன்றில் எட்டைக் கழித்தால் மூன்றா?

உங்களை அதிகம் வருத்திய கணக்கு இதுதான் என்பது கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. அதனால் கொஞ்சம் நின்று பேசுவோம்.

நீங்கள் பார்த்த 11 என்ற எண் பிரிட்டனில் 30,563 நாய்களின் இறப்பு விவரங்களை வைத்து 2022இல் வந்த ஆய்வாக இருக்க வேண்டும். அதில் ஷிட்சுவுக்கு 11.05 வருடம். ஆனால் அது பிறந்த குட்டிக்கான எதிர்பார்ப்பு. ஒரு வயதில் நோயில் போனது, இரண்டு வயதில் வண்டியில் அடிபட்டது, பிறவிக் கோளாறால் சீக்கிரம் போனது எல்லாம் அந்தச் சராசரியைக் கீழே இழுக்கின்றன. லட்டு அந்தக் கண்டங்களை எல்லாம் தாண்டி வந்துவிட்டது. எட்டு வயதைத் தொட்ட நாய்களை மட்டும் தனியாக எடுத்துக் கணக்கிட்டால் மிச்சமிருக்கும் ஆண்டுகள் மூன்றைவிடக் கூடவே வரும். ஷிட்சுக்கள் பன்னிரண்டு, பதின்மூன்று வரை போவதைச் சாதாரணமாகப் பார்க்கிறோம். பதினைந்தைத் தொடுபவையும் உண்டு.

சராசரி எண்களை எவ்வளவு ஜாக்கிரதையாகப் படிக்க வேண்டும் என்பதற்கு ஃபிரெஞ்ச் புல்டாக் நல்ல உதாரணம். அதே 2022 ஆய்வில் அதற்கு வெறும் 4.53 வருடம். 2024இல் பிரிட்டனிலேயே ஐந்தே முக்கால் லட்சத்துக்கும் அதிகமான நாய்களை வைத்துச் செய்த இன்னோர் ஆய்வில் 9.8. இரண்டு வருடத்தில் இனம் மாறிவிடவில்லை. அந்த இனம் அங்கே திடீரென்று பிரபலமானது, அதனால் இருந்தவற்றில் பெரும்பாலானவை இளம் நாய்கள். இறந்தவற்றை மட்டும் எண்ணினால் இளம் வயதில் இறந்தவைதான் கணக்கில் வரும், வயதாகி இறக்க வேண்டியவை இன்னும் உயிரோடு இருக்கின்றன. தட்டை முக நாய்களுக்கு மூச்சுப் பிரச்சினை உண்டு என்பது உண்மைதான், ஆனால் நாலரை வருடம் என்ற எண்ணை வைத்துக்கொண்டு யாரும் அழ வேண்டியதில்லை.

மாமியாருக்கான பதிலும் அந்த 2024 ஆய்வில் இருக்கிறது. கலப்பு நாய்களின் இடைநிலை ஆயுள் (பாதி நாய்கள் தாண்டும் வயது) 12.0 வருடம், தூய இனங்களுடையது 12.7. கலப்பு என்றால் கண்டிப்பாக நீண்ட ஆயுள் என்பது அங்கே நிரூபணமாகவில்லை. இனம், அளவு, முக அமைப்பு, வளர்க்கும் வீடு எல்லாம் சேர்ந்துதான் ஆயுளை முடிவு செய்கின்றன. அதற்காகக் கலப்பு நாய் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சிங்கப்பூர் ஸ்பெஷல் என்று நாம் செல்லமாகக் கூப்பிடும் நம் ஊர் நாய்களை அடோர் திட்டத்தின் கீழ் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் தத்தெடுக்கலாம், தோள் உயரம் 55 செண்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆனால் ஒரு வீட்டுக்கு ஒரு நாய்தான். லட்டுவை வைத்துக்கொண்டு மகனுக்காக இன்னொரு குட்டி வாங்குவது நடக்காது.

ஆயிரம் வருடப் பெருமை

கொழுந்தனார் சொன்னது பாதி சரி. 2004இல் வந்த மரபணு ஆய்வொன்று 85 இனங்களை ஒப்பிட்டபோது ஓநாய்க்கு நெருக்கமாக நின்ற சில பழைய இனங்களுள் ஷிட்சுவும் இருந்தது. பெக்கினீஸ், லாசா அப்சோ, ஷிபா இனு எல்லாம் அதே கூட்டம்தான். திபெத்திலும் சீன அரண்மனையிலும் வளர்ந்த மடி நாய்களின் வழி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இன்று நாம் ஷிட்சு என்று சொல்லும் இனம் 1930களில் இங்கிலாந்துக்கும் நார்வேக்கும் போன ஒரு கைப்பிடி நாய்களிலிருந்து பெருகியது. சீனாவில் இருந்த பழைய வம்சம் கம்யூனிஸ்ட் புரட்சிக்குப் பிறகு அழிந்தே போனது. நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமெரிக்க கென்னல் கிளப் இதை ஏற்றுக்கொண்டது 1969இல்தான். பொதுவாகவே இனத் தரம் எழுதி, வம்சப் பதிவேடு வைத்து நாய் வளர்க்கும் பழக்கம் விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் தொடங்கியது. முதல் நாய்க் கண்காட்சி 1859, கென்னல் கிளப் 1873.

சில நாய்களிலிருந்தே எல்லாம் பெருகினால் மரபணுக் கிணறு ஆழமில்லாமல் போகும், சில நோய்கள் குடும்பச் சொத்தாக வரும். ஷிட்சுவில் பிறவிச் சிறுநீரகக் கோளாறு, கண் வெண்படலப் புண், மூச்சிரைப்பு ஆகியவற்றைக் கவனித்தே ஆக வேண்டும். பழமை எந்த நாய்க்கும் இன்சூரன்ஸ் இல்லை.

மாமியாரின் ஊர்ப் பெருமையும் நியாயமானதே. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் இடம்பெற்றது. ஆனால் வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு அதிகம் என்பது அந்த ஊர்க்காரர்களுக்கே தெரிந்த விஷயம். தவிர, வீவக அனுமதித்த சிறிய இனங்களின் பட்டியலில் அது இல்லை. அனுமதியில்லாத நாயை வைத்திருந்தால் 4,000 வெள்ளி வரை அபராதம். அந்த ஓட்டக்கார நாயை நான்கறை வீட்டுக்குள் அடைப்பது அதற்கும் நல்லதில்லை.

திருப்பிக் கொடுப்பதும் புகார் செய்வதும்

‘எங்கேயாவது விட்டுவிட்டு வா’ என்ற பேச்சை மட்டும் வீட்டில் உடனே நிறுத்துங்கள். நாயைக் கைவிடுவது இங்கே குற்றம். 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுப்பது குற்றம் ஆகாது. ஆனால் வயதைப் பொய்யாகச் சொன்னவர் கையில் லட்டு மறுபடியும் போய்ச் சேரும், அடுத்தவரிடம் ‘மூணு வயசு’ என்று சொல்லி விற்பார். முடியவே முடியாது என்றால் நம்பகமான விலங்கு நல அமைப்பு ஒன்றின் வழியாகப் புதிய வீடு தேடுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, நான் வழக்கறிஞர் இல்லை. 20,000 வெள்ளி வரையிலான விற்பனைத் தகராறுகளைச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்தால் விசாரிக்கும், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் உங்கள் கையில் வாய்ப்பேச்சு மட்டும்தான் இருக்கிறது, வாட்ஸ்அப்பில் வயதைக் குறிப்பிட்டு ஏதாவது வந்திருக்கிறதா என்று தேடுங்கள். 300 வெள்ளிக்காக அலைய வேண்டுமா என்பது உங்கள் விருப்பம், நானாக இருந்தால் அலைய மாட்டேன். ஆனால் ஏவிஎஸ்ஸுக்குக் கண்டிப்பாக எழுதுவேன். லட்டுவுக்கு உண்மையில் எட்டு வயது, போன வருடம் வரை குட்டி போட்டது என்றால் அந்தப் பண்ணை ஆறு வயது வரம்பை மீறியிருக்கிறது. அங்கே இன்னும் எத்தனை லட்டுக்கள் இருக்கின்றனவோ.

இனி செய்ய வேண்டியது

வயது தெரியாத நாய்க்கு நான் முதலில் பார்ப்பது எடையை. லட்டு 7.8 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். சாதாரணமாக ஷிட்சு நான்கிலிருந்து ஏழு கிலோ. 48 லேப்ரடார்களைக் குட்டியிலிருந்து தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், ஒரு பாதிக்கு மற்றப் பாதியைவிடக் கால்பங்கு குறைவாகச் சாப்பாடு கொடுத்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவை 13 வருடமும் மற்றவை 11.2 வருடமும் வாழ்ந்தன. கிட்டத்தட்ட இரண்டு வருடம்! இனத்தைப் பற்றி நீங்கள் கேட்ட எல்லாக் கேள்வியையும்விட இது லட்டுவுக்குப் பயன்படும். மாமியார் இட்லியும் பிஸ்கட்டும் போடுகிறாரா என்று கொஞ்சம் பாருங்கள். காலையில் வெயில் ஏறுவதற்குள் நடக்கக் கூட்டிப் போங்கள், தட்டை மூக்கால் நம் ஊர் வெக்கையைத் தாங்க முடியாது.

அடுத்தது கருத்தடை செய்தாகிவிட்டதா என்று கேளுங்கள். பண்ணையிலிருந்து வந்த நடுத்தர வயதுப் பெண் நாய்க்குக் கருப்பையில் சீழ் பிடிப்பது உயிருக்கே ஆபத்து. அதிகத் தண்ணீர் குடிப்பது, பின்பக்கம் கசிவு, சோர்வு தெரிந்தால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள், மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டு உரிமக் கட்டணம் 15 வெள்ளி, செய்யாததற்கு 90. முலைகளில் கட்டி இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை தடவிப் பாருங்கள். ரத்தம், சிறுநீர், இதயம் பரிசோதித்து, எல்லாம் சரி என்றால் மயக்க மருந்து கொடுத்துப் பல்லைச் சுத்தம் செய்துவிடலாம்.

மகனுக்கு உண்மையான வயதைச் சொல்லுங்கள். மூன்று என்று மறைத்தால், பன்னிரண்டு வயதுப் பையன் பிஎஸ்எல்இ வருடத்தில் லட்டு படியேறத் தடுமாறுவதைப் பார்த்துக் குழம்பிப்போவான். அப்போது லட்டுவுக்குப் பதினொரு வயது ஆகியிருக்கலாம், பெரும்பாலும் உயிரோடு இருக்கும். பல் சுத்தம் செய்வதை டிசம்பர் விடுமுறைக்குத் தள்ளி வையுங்கள். அதற்கப்புறம் சில நாள் மென்மையான சாப்பாடு ஊட்ட வேண்டியிருக்கும், அந்த வேலையை அவனிடமே கொடுத்துவிடலாம்.